கஸ்டர் ரெஸ்ட் ஏரியாவில் போட்ட சிடி: மாப்ளைக்கு ஒரு கடிதம்

மாப்ள,

அமெரிக்கக் குடியுரிமை விண்ணப்பத்தைப் போன வாரம் அனுப்பிவிட்டேன். உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன், ஆனால் போனில் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் இங்கே எழுதுகிறேன். ஏன் இத்தனை வருடம் தள்ளிப்போட்டேன் என்பது உனக்குத் தெரியும். அம்மா இருக்கும்வரை இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. சரி, அதை விடு.

அந்த விண்ணப்பத்தில் வரிசையாகக் கேள்விகள் வரும். எந்த அமைப்பில் இருந்தாய், யாரோடு சேர்ந்திருந்தாய், இதைச் செய்தாயா, அதைச் செய்தாயா. ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று குறித்துக்கொண்டே வந்தேன், அப்போது ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்தது 'வேர்ல்ட் வார் த்ரீ', ஜெர்மனியில் தொடங்கிய கேஎம்எஃப்டிஎம் என்ற ராக் குழுவின் ஆல்பம். நம்பமாட்டாய். அதே ஆல்பம்தான்.

2003 அக்டோபர் கடைசி, ரெட்மண்டிலிருந்து கிளம்பும்போதே மழை. பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா ஸ்டாம்ப் வாங்க, எல்லை தாண்டி கனடாவின் வான்கூவர் போகிறோம். சிடி வெளிவந்து ஒரு மாதம் இருக்கும், நீ வாங்கின நாளிலிருந்து காரில் வேறு எதுவும் ஓடவில்லை. எவரெட் தாண்டியதும் சத்தத்தை ஏற்றினாய். ஜூல்ஸ் ஹாட்ஜ்சனின் கிடார் வரும் இடமெல்லாம் டேஷ்போர்டைக் குத்திக்கொண்டே வந்தாய். அதுவரை இந்த மாதிரி இசை எனக்குத் தலைவலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அன்று ஐ-5ல் அந்த மழையில் எனக்கும் பிடிக்க ஆரம்பித்தது. உன்னிடம் இதை நான் சொன்னதே இல்லை, இல்லையா? பெல்லிங்ஹாம் தாண்டியதும் நீ 'ஜிஹாத்' பாட்டைத் திரும்பப் போட்டாய். முடிந்ததும் இன்னொரு தடவை. கண்ணாடியும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

கஸ்டர் ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தினோம். நீ பாத்ரூம் போனாய். நான் சிடியை எடுத்து, டப்பாவையும் எடுத்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டேன்.

உனக்குத் தெரியவந்தது கனடா எல்லையில், பீஸ் ஆர்ச் வரிசையில். ஏடன் ஹியூஸ் வரைந்த அந்த அட்டையை எடுத்துப் பார்க்கலாம் என்று கையை விட்டுத் துழாவினாய், பிறகு என்னைப் பார்த்தாய். கத்த முடியாது. முன்னால் நாலைந்து வண்டிதான். 'போட்டுட்டேன்' என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்தாய், கூண்டில் இருந்தவர் கேட்டதற்கெல்லாம் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாய். மாப்ள, அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. என்னைப் பார்த்து நீ கோபப்பட்டதைவிட, அவரைப் பார்த்து நீ அப்படிச் சிரித்ததுதான் இன்றும் உறுத்துகிறது.

மன்னிப்பு கேட்கிறேனா? உன் பொருளைக் கேட்காமல் எடுத்தேன், அதற்குக் கேட்கிறேன். ஆனால் எடுத்தது தப்பு என்று என் வாயிலிருந்து வராது. 'கனடாக்காரன் எதுக்குடா உன் சிடியைப் பார்க்கப் போறான்' என்று அன்று ராத்திரி ஹோட்டலில் கேட்டாய். பார்க்கமாட்டான்தான். ஆனால் திரும்பி வரும்போது இருப்பது அமெரிக்கக் கவுண்டர். 2002லிருந்து அந்த ஸ்பெஷல் ரிஜிஸ்ட்ரேஷன் நடந்துகொண்டிருந்தது, பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளான 25 நாட்டு ஆண்களை வரவழைத்துக் கைரேகை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் நம் மூஞ்சியைப் பார்த்து எந்த நாடு என்று தெருவில் யாருக்குத் தெரியும்? 2001 செப்டம்பரில் அரிசோனாவில் ஒரு சீக்கியரைத் தலைப்பாகையைப் பார்த்தே சுட்டுக் கொன்றார்கள். அந்த அக்டோபரில்தான் வருடத்துக்குக் கொடுக்கும் எச்1பி வேலை விசாக்களின் உச்சவரம்பு 1,95,000லிருந்து 65,000க்கு இறங்கியது. ஏற்கெனவே விசாவில் இருக்கும் நம்மை அது தொடாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் மதியச் சாப்பாட்டில் எல்லோரும் அதைத்தானே பேசினோம். அதற்கு நடுவில் 'ஜிஹாத்' என்று பாட்டுப் பெயர் அச்சடித்த டப்பா, அதற்குக் கீழே 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்', 'புல்லட்ஸ், பாம்ப்ஸ் அண்ட் பிகோட்ரி', நமக்கு முன்னால் விசா வரிசை.

கேஎம்எஃப்டிஎம் என்ற பெயரே அமெரிக்காவில் பாதிப் பேருக்குக் கொலம்பைன் பள்ளி வழியாகத்தான் தெரியும், அதையும் சொல்ல வேண்டும். 1999 ஏப்ரல் 20, அவர்களுடைய 'அடியோஸ்' ஆல்பம் கடைக்கு வந்த அதே நாளில் அந்தப் பள்ளியில் துப்பாக்கிச்சூடு. சுட்ட பையன்களில் ஒருவன் அவர்களுடைய வரிகளைத் தன் இணையப் பக்கத்தில் போட்டிருந்தான். போருக்கும் பாசிசத்துக்கும் வன்முறைக்கும் எதிரானதே எங்கள் பாட்டு என்று குழுவின் தலைவர் சாஷா கொனியெட்ஸ்கோ அறிக்கை விட்டார், பெயரில் ஒட்டினது ஒட்டினதுதான். நீ அந்த டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு அலுவலகம் வந்த அன்று ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உன்னைப் பற்றி என்ன கேட்டார் என்று இன்றுவரை உனக்குத் தெரியாது. இங்கேயும் எழுதமாட்டேன். தமிழ் படிக்கிறவர்கள் இப்போது அங்கேயும் இருக்கிறார்கள்.

ஹோட்டல் சண்டையில் நீ சொன்ன ஒன்று மட்டும் கூடவே வருகிறது. 'அவங்களும் வெளிநாட்டுக்காரங்கதானே, சியாட்டிலில் உட்கார்ந்துகிட்டு அதிபரையே திட்டுறாங்க, நீ ஏன் நடுங்குறே?' அவர்களிடம் ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது என்றேன். பேச்சுரிமை குடிமகனுக்கு மட்டும் இல்லை, இந்த மண்ணில் இருக்கிற எல்லோருக்கும் என்று சட்டம் பேசினாய். கோர்ட்டில் நீ ஜெயிப்பாய், கவுண்டரில்? என்றேன். அதோடு விளக்கை அணைத்துவிட்டோம். அதற்கப்புறம் இருட்டில் நீ சொன்ன விஷயம் நம் இருவருக்குள் இருக்கட்டும், உன் வீட்டில் இதைப் படிப்பார்கள்.

கொனியெட்ஸ்கோ சில வருடத்தில் ஹாம்பர்க்குக்கே திரும்பிப் போய்விட்டார், கவனித்தாயா? நீயும் கோவைக்குப் போய்விட்டாய். அப்பாவின் மில் இருந்தது, வீடு இருந்தது. திரும்பிப் போக இடம் இருந்தவர்கள் நீங்கள். எனக்குத் தங்கை கல்யாணக் கடன் இருந்தது, அந்த ஸ்டாம்ப் விழாவிட்டால் ஊரில் என்ன இருந்தது என்று நீ ஒரு நாளாவது யோசித்திருப்பாயா? இதை எழுதும்போதே கோபம் வருகிறது. ஊருக்குப் போனபின் முதல் சம்பளத்தில் பாதியை என் தங்கை கல்யாணக் கடனை அடைக்க அனுப்பியவனும் நீதான், அதுவும் ஞாபகம் இருக்கிறது. அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது ஏன் அவ்வளவு கோபப்பட்டாய்?

இப்போது ஆல்பத்துக்கு வருகிறேன். குழுவின் பழைய ஆட்களான என் எஷ் (En Esch), கிடார் வாசித்த குந்தர் ஷுல்ஸ் இருவரும் இல்லாத கேஎம்எஃப்டிஎம் பாதி கேஎம்எஃப்டிஎம்தான் என்பது உன் கட்சி. 2002ல் குழு மறுபடி சேர்ந்தபோது கூப்பிட்டும் அவர்கள் திரும்பி வராதது உனக்குப் பெரிய துக்கம். அப்போது வந்த 'அட்டாக்' ஆல்பத்தை ஒரு தடவை கேட்டுவிட்டு ஓரம் வைத்தாய், இதை மட்டும் ஏற்றுக்கொண்டாய். இப்போதுதான் ஏன் என்று புரிகிறது. ஹாட்ஜ்சன் ஷுல்ஸைப் போல வாசிக்கப் பார்க்கவில்லை. பழைய 'ஆங்ஸ்ட்' ஆல்பத்தின் காலத்தில் கிடார் மெஷின் தாளத்தோடு அறுத்துக்கொண்டு போகும். இதில் ஆண்டி செல்வே உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கிறார், அதனால் கிடாருக்குக் கீழே ஆள் நிற்கிற கனம் இருக்கிறது, ஒரு பேண்ட் ஒரே அறையில் வாசிப்பது போல. லூசியா சிஃபரெல்லியின் குரல் அந்தச் சுவருக்கு மேலே ஏறி வரும் இடங்களைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நடுவில் ஒன்றிரண்டு பாட்டு இன்னும் ஒட்டவில்லை. புஷ்ஷைத் திட்டும் வரிகளில் சில சுவரொட்டி வாசகம் மாதிரித்தான் இருக்கின்றன, அதில் உன்னோடு ஒத்துப்போகமாட்டேன்.

ஆனால் 'இன்ட்ரோ' என்ற பெயரில் கடைசியில் ஒரு பாட்டு வைத்திருக்கிறார்களே, அதை அன்று காரில் நாம் கேட்கவே இல்லை, நீ 'ஜிஹாத்'திலேயே சுற்றிக்கொண்டிருந்தாய். அதில் குழுவில் யார் யார் என்று ஒவ்வொருவராக அறிமுகம். ஈராக் போர் தொடங்கிய வருடத்தில், அந்த நாட்டில் இருந்துகொண்டே, அரசாங்கத்தை இவ்வளவு பேசிவிட்டு, பேசியது இன்னார் என்று பெயரைச் சொல்லி முடிக்கிறார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். அந்த வருடம் முழுக்க என் பெயரை யாரும் கவனிக்கக்கூடாது என்றுதான் நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இந்த நாட்டில் பிரமாணம் எடுத்தபிறகு நானும் சத்தமாகப் பேசுவேனா என்று நீ கேட்பாய். பேசுவேன், கூடவே எச்1பியில் இருக்கிற இந்தக் காலத்துப் பையன் எவனாவது தன் சிடியை, போனை, எதையாவது ஒளித்துவைத்தால் அவனை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

அடுத்த கல்யாண வீட்டில் இந்தக் கதையை எடுக்காமல் இருக்கமாட்டாய், தெரியும். எடு. ஆனால் என் கை நடுங்கியது என்று சேர்த்துக்கொள்கிறாயே, அதை விட்டுவிடு. நடுங்கவில்லை. நீ பாத்ரூமில் இருந்தாய், பார்க்கவே இல்லை.