கண்ணாடிக் கூரை வேண்டாம்

ஐயா,

உங்கள் நாளிதழில் வந்த சிறு மனை வீடுகள் பற்றிய கட்டுரையில் எல்லாப் படத்திலும் கண்ணாடிக் கூரை. அழகுதான், ஆனால் சென்னைக்கு?

மேற்கு மாம்பலத்தில் எங்கள் மனை கால் கிரவுண்டு, 600 சதுர அடி. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பழைய வீட்டின் நடு அறையில் பகலிலும் டியூப்லைட் எரியும். புதிதாகக் கட்டும்போது மாடிப்படியை நடுவில் வைத்து, மேலே கண்ணாடி போடலாம் என்றார் பொறியாளர். நான் மறுத்தேன். இங்கே ஏப்ரல் கடைசியில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேராக நிற்கும், வீடு அடுப்பாகிவிடும். அதற்குப் பதில் படிக்கூண்டை, அதாவது மாடிப்படியைச் சுற்றி எழும் கூண்டை, மூன்றடி உயர்த்தி, கான்கிரீட் கூரைக்குக் கீழே சுற்றிலும் திறக்கிற ஜன்னல் வைத்தோம். வெளிச்சம் உள்ளே வருகிறது, சூடான காற்று வெளியே போகிறது. கூண்டுக்குள் வெள்ளையடித்தோம்.

அம்மா இப்போது நடு அறையில்தான் உங்கள் நாளிதழைப் படிக்கிறார், விளக்குப் போடாமல்.

ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை