ஆண்டறிக்கை 2024–25: பூங்கா இடமும் நம் பிள்ளைகளும்

அன்பார்ந்த குடியிருப்போர் சங்க உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தெருவிளக்கு, குப்பை வண்டி, சாக்கடைத் தூர் எல்லாம் சென்ற ஆண்டைப் போலவே ஓடின. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். செயற்குழு அதிகம் பேசியதும் சண்டை போட்டதும் பூங்கா இடத்தைப் பற்றித்தான்.

பெரிய மனைப்பிரிவு போட்டால் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக விட வேண்டும் என்பது விதி. நம் பூங்கா இடம் அப்படி வந்ததுதான். கட்டட இடிபாடும் சீமைக்கருவேலமுமாகக் கிடந்ததை உறுப்பினர்கள் கைக்காசு போட்டுச் சுத்தம் செய்தோம்.

அப்புறம்தான் தகராறு. முழுக்க பேவர் பிளாக் போட்டு ஒரு சறுக்குமரம் வைத்துவிடலாம் என்று ஒரு தரப்பு. மழை வந்தால் சேறு, புல் வளர்ந்தால் பாம்பு என்ற அவர்கள் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வருகிறது. எலி நாம் கொட்டும் குப்பைக்கு வருகிறது. அதனால் நடைபாதைக்கு மட்டும் பேவர், மற்றதெல்லாம் மண் என்று முடிவானது.

அந்த மண்ணில் என்ன இருக்கிறது என்பதைப் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரோரம், மழை படாத பொடிமண்ணில், புனல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். குழியானை! எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்துச் சறுக்கியதும், அடியில் புதைந்திருக்கும் பூச்சி மண்ணை வீசி வீசி அதை உள்ளே இழுத்துவிடும். விடுமுறை நாளில் இதற்காகக் குப்புறப் படுத்துக்கிடந்த பிள்ளைகளை எழுப்புவது பெரும்பாடாகிவிட்டது. சட்டை அழுக்காவதாகச் சில தாய்மார்கள் புகார் சொன்னார்கள். புகார் பதிவேட்டில் ஏறியிருக்கிறது. நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை.

பழைய தோப்பில் மிஞ்சிய ஒற்றை மாமரத்தையும் காப்பாற்றிவிட்டோம். மாங்கனிக்குப் பேர்போன கிருஷ்ணகிரியில் மாமரம் ஏறத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. தாழ்ந்த கிளைகளை வெட்டாமல் விட்டு, அடியில் மணல் கொட்டியிருக்கிறோம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏறலாம்.

குளிர்காலத்தில் பிள்ளைகளை அவதானப்பட்டி ஏரிக்கு அழைத்துப் போனோம். படகு சவாரிதான் வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள், முக்குளிப்பான் என்ற நீர்ப்பறவை மூழ்கி எங்கே எழும் என்று பந்தயம் கட்ட ஆரம்பித்ததும் படகை மறந்துவிட்டார்கள்.

கண்ணாடி போட்ட பிள்ளைகள் நம் தெருக்களிலும் கூடிவருகிறார்கள். வெளியே பகல் வெளிச்சத்தில் கூடுதல் நேரம் இருக்கும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என ஆய்வுகள் காட்டுகின்றன. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 2 மணி நேரம் வெளியே என்று திட்டமே போட்டு நடத்துகிறார்கள். நம் பிள்ளைகளுக்கோ டியூஷன் முடிவதற்குள் இருட்டிவிடுகிறது. பூங்கா கதவை மாலை 4 மணிக்கே திறக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஏற்றுக்கொண்டால், சாவி வைத்துக்கொள்ள இரண்டு வீட்டுக்காரர்கள் இன்றே பெயர் கொடுக்க வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்களும் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இவண்,
செயலாளர்