மஞ்சள் குடோனில் படம் பார்த்தவர்களுக்கு

போன ஞாயிறு சத்தியமங்கலத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் வணக்கமுங்க.

முதல் நன்றி குடோன் கொடுத்த அண்ணனுக்கு. தருவதாகச் சொன்ன மண்டபம் முந்தின நாள் கைவிரித்துவிட்டது. "இலங்கைச் சமாச்சாரமா, வேண்டாம் சாமி" என்றார்கள். அண்ணன் ஒன்றும் கேட்காமல் சாவியைக் கொடுத்து, மூட்டைகளை ஓரம் தள்ளிக்கச் சொன்னார். திரையாகக் கட்டிய வேட்டியில் ஒட்டிய மஞ்சளை இன்னும் துவைக்கவில்லை.

பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' 1997இல் வந்த சிங்களப் படம். 2000இல் இலங்கை அரசு அதை ஓடவிடவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் மீட்டார்கள். பட்டாளத்துக்குப் போன மகன் சீல் வைத்த பெட்டியில் வருகிறான். கண் தெரியாத அப்பா நம்பவில்லை. நஷ்டஈட்டுத் தாளில் கைநாட்டு வைக்க மாட்டேன் என்கிறார். கடைசியில் பெட்டியைத் தோண்டி எடுத்தால் உள்ளே வாழைமரத் துண்டும் கல்லும்.

படத்தின் ஆங்கில வரிகளைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த, இலங்கை அகதிகள் முகாம் தம்பிக்கு அந்த இடத்தில் குரல் நின்றுவிட்டது. யாருக்கும் வரி தேவைப்படவும் இல்லை.

விளக்குப் போட்டதும் பவானிசாகர் முகாமிலிருந்து வந்த ஓர் அம்மா, உட்கார்ந்திருந்த ஜமக்காளத்தின் ஓரத்தைத் திருகிக்கொண்டே சொன்னார்: "அவருக்குப் பெட்டியாவது வந்தது. எனக்கு அதுவும் வரேல்லை." பட்டாளத்துக்காரனின் அப்பாவை 'அவர்' என்றார். அம்மா, நீங்கள் பேசியதற்கு என்ன நன்றி சொன்னாலும் போதாது.

பேச்சை நடத்திய வரலாற்று ஆசிரியர் ஐயாவுக்கும் பெரிய கடன்பட்டிருக்கிறோம். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய 1956 தனிச் சிங்களச் சட்டம், தமிழர்களைத் தாக்கிக் கொன்ற 1983 ஜூலைக் கலவரம் எல்லாம் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போயிருப்போம். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியதையும், யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேரமே அவகாசம் கொடுத்ததையும் சொன்னார். நம்மூர்த் தம்பி ஒருவர் எழுந்து, "அதை எதுக்குங்க இப்பப் பேசணும்?" என்று கோபப்பட்டார். ஐயா பதில் சொல்லவில்லை, காத்திருந்தார். பின்வரிசையில் இருந்த முகாம் பெரியவர்தான் பேசினார்: "நான் மன்னார்க்காரன், தம்பி. எங்கட கண்ணுக்கு முன்னாலதான் அவையள் போனவை." தம்பி உட்கார்ந்துவிட்டார். அப்புறம் டீ குடிக்கும்போது அந்தப் பெரியவர் பக்கத்திலேயே போய் நின்றார். அதைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு.

டீக்குக் காசு வாங்காத அக்காவுக்கும், புரொஜெக்டர் கொடுத்த கல்யாண வீடியோக்காரருக்கும் நன்றி.

அன்று வர முடியாதவர்களுக்காக முகாமிலேயே ஒரு தடவை போடச் சொல்லி அந்த அம்மா கேட்டிருக்கிறார். வரும் ஞாயிறு போகிறோம். வரி சொல்ல அதே தம்பிதான் வருகிறார். ஜமக்காளம் இன்னும் இரண்டு வேணுமுங்க.