அண்டை நகர மன்றங்கள் சேர்ந்து பேச வழி கோரும் மனு

அனுப்புநர்:
இரு நகர மன்றங்களின் எல்லையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு புளோக்குகளின் குடியிருப்பாளர்கள்
(பெயர், வீட்டு எண், கையொப்பம் தனித்தாளில்)

பெறுநர்:
மாண்புமிகு தேசிய வளர்ச்சி அமைச்சர் அவர்கள்,
தேசிய வளர்ச்சி அமைச்சு,
சிங்கப்பூர்.

பொருள்: அண்டை நகர மன்றங்கள் கட்சி வேறுபாடின்றிக் கூடி, தங்கள் வட்டாரத்துக்கு வேண்டிய சட்டத் திருத்தங்களை ஒரே பட்டியலாக அமைச்சிடம் கொடுக்க நிரந்தர ஏற்பாடு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். கையொப்பமிட்டவர்களில் சீனரும் மலாய்க்காரரும் இருக்கிறார்கள். ஆங்கிலப் படி ஒன்றையும் இணைத்திருக்கிறோம். ஆயினும் மனுவை எழுதும் வேலை, பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற என்னிடம் வந்து சேர்ந்தது. தமிழும் இந்நாட்டின் அதிகாரத்துவ மொழி என்று அரசியலமைப்பு சொல்கிறது. அந்த உரிமையை ஒரு முறையாவது பயன்படுத்திப் பார்க்கலாமே என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

எங்கள் புளோக்குக்கும் எதிர்ப் புளோக்குக்கும் இடையில் கூரையிட்ட நடைபாதை ஒன்று இருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கும் ஈரச்சந்தைக்கும் அதுதான் வழி. அதன் நடுவில், வீடமைப்பு வளாகங்களின் பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றங்களில் ஒன்றின் எல்லை முடிந்து இன்னொன்றின் எல்லை தொடங்குகிறது. எந்த இடத்தில் என்று வரைபடத்தில் தேட வேண்டியதில்லை. காலை ஆறரை மணிக்குப் போனால் தரையே காட்டிவிடும். எங்கள் பக்கத்துத் துப்புரவாளர் மன்னார்குடிப் பக்கத்து இளைஞர். நான்காவது தூண் வரை பெருக்கி, குப்பையை அள்ளிக்கொண்டு திரும்பிவிடுவார். எதிர்ப்பக்கத்து ஊழியர் ஏழரைக்கு வந்து ஐந்தாவது தூணிலிருந்து ஆரம்பிப்பார். இரண்டு தூண்களுக்கும் நடுவில் மூன்று எட்டு வைக்கும் நீளத்துக்குச் சருகும் டிஷ்யூவும் ரொட்டித் துணுக்கும் அப்படியே கிடக்கும். ஒரு நாள் இளைஞரிடம் கேட்டேன். "அங்கே கை வைத்தால் மேற்பார்வையாளர் கேட்பார், ஐயா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒப்பந்தத்தில் உள்ள எல்லை வரை அவர் ஒழுங்காகவே பெருக்குகிறார்.

குப்பைக்காக அமைச்சர் வரை வருவானேன் என்று கேட்பீர்கள். அதற்குச் செயலி இருக்கிறது. 2014ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில், புக்கிட் கோம்பாக்கில் தரையில் கிடந்த மீன் உருண்டைக் குச்சியை எந்த அமைப்பு அகற்றுவது என்ற குழப்பத்தை அன்றைய பிரதமர் திரு லீ சியன் லூங் விவரித்தது எங்கள் வீட்டில் இன்னும் பேச்சில் அடிபடுகிறது. அதே ஆண்டு நகராட்சிச் சேவை அலுவலகம் அமைந்தது. அடுத்த ஆண்டு ஒன்சர்விஸ் செயலி வந்தது. நானும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், குப்பையும் போயிருக்கிறது. யாருடைய வேலை என்று தெரியாத புகாருக்கு அந்தச் செயலி வீடு தேடிக் கொடுத்துவிட்டது. ஆனால் எங்கள் சிக்கலின் பாதி, சட்டம் போதாததால் வருவது. சட்டத்தின் குறையைப் படம் எடுத்து அனுப்ப முடியாது.

புறாவை எடுத்துக்கொள்ளுங்கள். கணவரை இழந்த சீன மூதாட்டி ஒருவர் விடியுமுன் ரொட்டியோடு வருவார். எங்கள் பக்கம் அறிவிப்புப் பலகை வைத்ததும் தூணைத் தாண்டிப் போய் நின்றார். அந்தப் பக்கமும் பலகை வந்ததும் நட்டநடுவில் நின்றுகொண்டார். புறாக்களுக்கு எல்லாம் ஒரே கூரைதான். என் மனைவி தமக்குத் தெரிந்த மலாயில் இரண்டு முறை பேசிப் பார்த்தார். அந்த அம்மா சிரித்தபடி தலையாட்டினார். மறுநாளும் ரொட்டி வந்தது. 2020 ஜூன் முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி புறாவுக்கு இரையிடுவது குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரையும் மறுமுறை 10,000 வெள்ளி வரையும் அபராதம் விதிக்கலாம். சட்டத்தை அமல்படுத்துவது தேசியப் பூங்காக் கழகம். எச்சத்தைக் கழுவுவது நகர மன்றம். பக்கத்து உணவங்காடி நிலையத்தில் புறா தட்டில் வந்து உட்கார்ந்தால் அது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் தலைவலி.

அந்த மூதாட்டி மீது 5,000 வெள்ளி அபராதம் பாய வேண்டும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. அதற்காகப் பேசாமல் இருந்துவிடவும் முடியவில்லை; இரண்டாம் மாடியில் ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிறது. வளாகத்தையும் ஆட்களையும் அறிந்த நகர மன்ற அதிகாரிக்கே முதலில் எழுத்துப்பூர்வ எச்சரிக்கை, பிறகு சிறு தொகை என்று படிப்படியாகப் போகும் அதிகாரம் இருந்தால் இது எப்போதோ தீர்ந்திருக்கும் என்பது எங்கள் எண்ணம். அந்த அதிகாரி எல்லைக்கு அப்பால் பத்தடி நடக்கவும் அனுமதி வேண்டும். இதை ஒரு நகர மன்றம் தனியாகக் கேட்டால் ஒரு வளாகத்துப் புகாராகத்தான் தெரியும். அண்டையில் உள்ள நாலைந்து மன்றங்கள் கணக்கு வழக்கோடு சேர்ந்து கேட்டால் அமைச்சு வேறு விதமாகக் காது கொடுக்கும்.

நகர மன்றங்கள் சேர்ந்து நடந்தால் என்ன ஆகும் என்பதை 2019ல் பார்த்தோம். கீழ்த்தளங்களிலும் பொது நடைவழிகளிலும் மின்ஸ்கூட்டர் போன்ற சாதனங்களை ஓட்டக்கூடாது என்று மக்கள் செயல் கட்சி நிர்வகித்த 15 நகர மன்றங்களும் ஒரே முடிவெடுத்தன. மீறினால் 5,000 வெள்ளி வரை அபராதம் என்ற அறிவிப்பு ஆகஸ்டில் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 5 முதல் மின்ஸ்கூட்டர்களுக்கு நாடு முழுவதும் நடைபாதைகளிலேயே தடை வந்தது. முன்னது நடந்ததால்தான் பின்னது வந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த ஆண்டு விபத்துகளும் தீச்சம்பவங்களும் எல்லாரையும் உலுக்கியிருந்தன. ஆனால் ஒரு புளோக்கில் ஒரு விதி, அடுத்த புளோக்கில் வேறு விதி என்ற நிலை 15 மன்றங்களிலும் ஒரே நேரத்தில் நீங்கியது. அந்த ஒருங்கிணைப்பு ஒரு கட்சியின் குடைக்குள் நடந்தது. அதில் தவறில்லை. எங்கள் நடைபாதையின் இரு முனைகளும் எப்போதும் ஒரே குடைக்குள் இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதே எங்கள் கவலை.

துணைவிதிகளைப் பற்றியும் ஒரு சொல். நகர மன்றச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மன்றமும் பொதுச் சொத்துக்கும் திறந்தவெளிக்கும் தன் துணைவிதிகளைத் தானே வகுக்கிறது. நான்காவது தூணில் துருப்பிடித்த மிதிவண்டி ஒன்று பல மாதங்களாகச் சங்கிலியில் தொங்கியது. அகற்றப்போவதாக ஒரு மன்றம் சீட்டு ஒட்டியது. இரண்டு நாளில் மிதிவண்டி ஐந்தாவது தூணுக்குப் போய்விட்டது. சீட்டு செல்லாது! அங்கே புதிய சீட்டு, புதிய கெடு. அது திரும்பி வருவதற்குள் நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தச் சங்கிலியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எல்லையை மாற்றி வரைந்தால் தீராதா என்று எதிர்ப் புளோக்கு நண்பர் கேட்டார். வரைந்துகொண்டுதானே இருக்கிறார்கள். 2025 மே 3 பொதுத் தேர்தலுக்கும் தொகுதி எல்லைகள் மாறின: பல உறுப்பினர்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் குழுத்தொகுதிகள் 18, தனித்தொகுதிகள் 15, மொத்தம் 97 உறுப்பினர்கள். வெஸ்ட் கோஸ்ட்-ஜூரோங் வெஸ்ட், மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் என்று புதுப் பெயர்களும் பிறந்தன. தொகுதிக் கோடு நகர்ந்தால் மன்றத்தின் கோடும் கூடவே நகரும். எங்கள் நடைபாதை பிழைத்தாலும் வேறு யாருடைய நடைபாதையோ மாட்டிக்கொள்ளும்.

இன்னொரு கேள்வியும் எழும். அதுதான் கனமான கேள்வி. நகர மன்றங்களை நடத்துபவர்களே நாடாளுமன்ற உறுப்பினர்கள். சட்டம் வேண்டுமென்றால் அவர்கள் நாடாளுமன்றத்திலேயே பேசலாமே, தனி ஏற்பாடு எதற்கு? 1957 டிசம்பர் தேர்தலுக்குப் பின் திரு ஓங் எங் குவான் மேயராக அமர்ந்த நகரம் முழுவதற்குமான பழைய நகர மன்றத்தின் பணிகள், 1959ல் சுயாட்சி வந்த பிறகு அரசாங்கத்திடம் போய்விட்டன. இந்தச் சிறு தீவுக்கு இரண்டடுக்கு ஆட்சி வேண்டாம் என்ற நியாயம் எங்களுக்கும் புரிகிறது. அதனால்தான் 1986ல் ஆங் மோ கியோவில் முன்னோடியாகத் தொடங்கி, 1988ல் சட்டமாகி வந்த இன்றைய நகர மன்றங்கள் உறுப்பினர்களின் கையில் இருக்கின்றன. ஆனால் உறுப்பினர் அவையில் எழுந்து பேசும்போது தம் தொகுதிக்காகப் பேசுகிறார். அமைச்சரும் அந்தக் கேள்விக்கு விடை சொல்லி அமர்கிறார். அடுத்த மாதம் பக்கத்துத் தொகுதி உறுப்பினர் ஏறக்குறைய அதே கேள்வியை வேறு சொற்களில் கேட்கிறார். இருவரும் முன்கூட்டியே ஒரு மேசையில் உட்கார்ந்து, பொறியாளரையும் சொத்து அதிகாரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் வட்டாரத்துக்கு இந்த மாற்றம் வேண்டும் என்று எழுதித் தருவது வேறு. அதற்கான மேசையைத்தான் கேட்கிறோம். புதிய ஆட்சி அடுக்கைக் கேட்கவில்லை.

என் மகள் ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சிட்னிக்கு வெளியே வசிக்கிறாள். அவள் சொல்லித்தான் தேடிப் படித்தேன். அங்கே 2017ல் சட்டத்தைத் திருத்தி, மறு ஆண்டு முதல் அண்டை ஊராட்சிகள் சேர்ந்த கூட்டமைப்புகளை அமைத்தார்கள். வட்டாரத்தின் முன்னுரிமைகளை வகுப்பதும் அவற்றுக்காக மாநில அரசிடம் வாதாடுவதும் கூட்டமைப்பின் முதன்மைப் பணிகள் என்று சட்டமே சொல்கிறது. அங்கே ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் கோதுமை வயலும் ஆட்டுப் பண்ணையும் கிடக்கின்றன. எங்களுக்கு நடுவில் ஒரு தூண். நமக்கு இது எளிதாக இருக்க வேண்டும்.

ஆகவே அமைச்சர் அவர்களிடம் நாங்கள் கேட்பது இது. மேயர்களின் தலைமையில் இயங்கும் சமூக மேம்பாட்டு மன்றங்களின் ஐந்து வட்டாரங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த எல்லைகளையே எடுத்துக்கொண்டு, வட்டாரத்துக்கு ஒன்றாக நகர மன்றக் கூட்டுக்குழு அமைக்க வேண்டும். அந்த வட்டாரத்தில் ஒரு புளோக்கை நிர்வகிக்கும் மன்றமாக இருந்தாலும் அதற்கு இடம் உண்டு. இரு வட்டாரங்களில் விழும் மன்றம் இரண்டிலும் அமரட்டும். தலைமை மேயரிடமே இருக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. மன்றங்களுக்குள் சுழற்சி முறையில் வருவதே எல்லாருக்கும் நம்பிக்கை தரும்.

கூட்டுக்குழு ஆண்டுக்கு ஒரு முறை, சட்டத்திலோ விதிகளிலோ வேண்டும் மாற்றங்களை மூன்றுக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும். மூன்று ஏன் என்றால், பத்துக் கோரிக்கை கொண்ட கடிதத்தைத் தலைமையாசிரியர் எப்படிப் படிப்பார் என்பதை அலுவலகத்தில் பல ஆண்டுகள் பார்த்தவன் நான். ஒரு மன்றம் உடன்படாவிட்டால் அதன் மறுப்பும் அதே தாளில் இருக்கட்டும். பட்டியலை மக்கள் பார்க்க வெளியிட வேண்டும். மூன்று மாதத்துக்குள் அமைச்சு எழுத்தில் பதில் தர வேண்டும்: ஏற்கிறோம், ஏற்கவில்லை, காரணம் இது. மறுத்தால் மனம் வருந்துவோம். காரணம் தெரியாமல் காத்திருப்பதைவிட அது மேல்.

உங்கள் அமைச்சின் நகர மன்ற நிர்வாக அறிக்கையிலும் ஒரு வரி சேர்க்கலாம். வளாகப் பராமரிப்பு, மின்தூக்கி, கட்டண நிலுவை, நிர்வாக ஒழுங்கு என்று மன்றங்களைத் தனித்தனியே எடைபோட்டுப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் கொடுக்கிறீர்கள். எல்லையின் இரு பக்கமும் பச்சையாக இருந்தாலும் நடுவிலுள்ள மூன்று எட்டுக்கு எந்த நிறமும் இல்லை. அண்டை மன்றத்தோடு என்ன செய்தீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் எழுதுவதற்காகவாவது ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள்.

ஐந்து வட்டாரங்களிலும் உடனே செய்ய முடியாதென்றால் ஒன்றில் இரண்டாண்டு சோதித்துப் பாருங்கள். முதல் பட்டியலுக்குப் புறாவும் எல்லையோரத் துணைவிதிகளும் எங்கள் பங்கு. மற்றவர்களுக்கு நள்ளிரவுச் சத்தமோ நடைவழியை அடைக்கும் பொருள்களோ முக்கியமாக இருக்கலாம். அதை அவர்கள் சொல்லட்டும்.

எங்கள் வட்டாரத்தின் பெயரையும் இரு மன்றங்களின் பெயரையும் இந்த மனுவில் எழுதாமல் விட்டது வேண்டுமென்றேதான். இரு பக்கத்து அதிகாரிகளும் எங்களிடம் மரியாதையாகவே நடந்திருக்கிறார்கள். ஒருவரையும் மாட்டிவிட விருப்பமில்லை. முகவரி கையொப்பத் தாளில் இருக்கிறது. உங்கள் அதிகாரி யாராவது நேரில் பார்க்க விரும்பினால் காலை ஆறரைக்கும் ஏழரைக்கும் இடையில் வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியே நடந்து குப்பையை இரு பக்கமும் பரப்பிவிடுவார்கள், எல்லை எங்கே என்று காட்ட எங்களாலும் முடியாது.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்
இரு புளோக்குகளின் குடியிருப்பாளர்கள் சார்பில்,
மனு எழுதியவர்

இணைப்பு: கையொப்பத் தாள்கள், ஆங்கிலப் படி, நடைபாதையின் படங்கள் (மிதிவண்டி இருந்த இரு தூண்களும் உட்பட)