நம் சங்கத்தின் ஆண்டறிக்கை: கோடையில் பிள்ளைகள் தண்ணீரில் விளையாட ஓர் இடம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தாத்தாக்களே, ஆயாக்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்த்தோம். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பஜனை தவறாமல் நடந்தது. தைப்பூசக் காவடிக்கு நம் இளைஞர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டு, கடைசிக் காவடி இறங்கும்வரை நின்றார்கள். ஞாயிறு தமிழ் வகுப்பு தொடர்கிறது. இவ்வாண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்குச் சங்கத்தின் ஆறுதலைத் தெரிவித்துக்கொள்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே ஒரு வேலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரில் சிறு பிள்ளைகள் கோடையில் பயமின்றித் தண்ணீரில் விளையாடக்கூடிய இடங்களைத் தேடிப் பார்த்துப் பட்டியல் எடுத்த வேலை அது. பல ஆண்டுகளாக நாம் செய்தவற்றில் இளம் குடும்பங்களுக்கு இவ்வளவு நேரடியாகப் பயன்பட்டது வேறொன்றும் இல்லை என்று நினைக்கிறேன்.

நவம்பர் கூட்டத்தில் ஓர் இளம் தாய் எழுந்து கேட்ட கேள்வியில் இது தொடங்கியது. கோடை நடுவே, டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடிவிடுகிறார்கள். வெப்பமானி முப்பதைத் தாண்டாத நாளிலும் டர்பனின் ஈரக் காற்றில் வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது. மூன்று வயதிலும் ஆறு வயதிலும் நீச்சல் தெரியாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு நம் சேட்ஸ்வர்த் குடியிருப்பிலிருந்து எங்கே போவது, எவ்வளவு செலவாகும், அங்கே கழிப்பறை இருக்கிறதா? அவர் கேட்டது இவ்வளவுதான். மண்டபத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொன்னோம். அந்தப் பதில்களில் ஒன்றை நம்பி ஒரு குடும்பம் இரண்டு டாக்ஸி மாறி, துண்டும் மாற்றுத் துணியும் சுமந்து ஒரு பொது நீச்சல்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குளத்தில் தண்ணீரே இல்லை. நீலத் தரையில் சருகு கிடந்தது. எப்போது திறப்பார்கள் என்று வாசலில் ஓர் அறிவிப்புகூட இல்லை. பிள்ளைகள் அழுதுகொண்டே திரும்பினார்கள்.

அன்றே செயற்குழு ஒரு விதி வகுத்தது. நம்மில் ஒருவர் அதே மாதத்தில் ஒரு பிள்ளையோடு நேரில் போய்ப் பார்க்காத எந்த இடமும் பட்டியலில் ஏறக்கூடாது. "போன வருஷம் நன்றாக இருந்தது" என்பது சாட்சியம் ஆகாது. தண்ணீர் ஓடுகிறதா, நிழல் உண்டா, தரை வழுக்குகிறதா, கடைசிப் பஸ் எப்போது என்பனவற்றை அங்கேயே நின்று எழுதிவர வேண்டும்.

மூத்த உறுப்பினர் ஒருவர், தமிழ்ச் சங்கத்துக்கும் தண்ணீர் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். நியாயமான கேள்விதான், அதற்கான பதில் அறிக்கையில் பதிவாக வேண்டும். நம் முன்னோரை ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிவந்த முதல் கப்பலான 'ட்ரூரோ' 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்து சேர்ந்தது இதே டர்பன் கடற்கரையில். ஆனால் 1953ஆம் ஆண்டின் தனித்தனி வசதிச் சட்டம் அந்தக் கரையையே நிறம் பார்த்துத் துண்டு போட்டது. நகரத்துக் கடற்கரையின் குழந்தைக் குளங்களில் வெள்ளைக் குழந்தைகள் விளையாடுவதைத் தூரத்தில் நின்று பார்த்த ஆயாக்கள் இன்றும் இந்த மண்டபத்தில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அந்தச் சட்டம் ரத்தானது 1990இல். சட்டம் போனாலும் தூரமும் டாக்ஸிக் கட்டணமும் தகவல் இல்லாமையும் போய்விடவில்லை. நம் பேரப்பிள்ளைகளை அந்தத் தண்ணீர் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது சங்கத்தின் வேலைதான். கேள்வி கேட்ட பெரியவரே பின்னர் இரண்டு ஞாயிறுகளில் தம் வண்டியில் பிள்ளைகளை ஏற்றிப் போனார் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

இனி பார்த்த இடங்கள்.

பட்டியலில் முதலிடம் கடற்கரை நடைபாதையை ஒட்டிய அந்தக் குழந்தைக் குளங்களுக்கே. கட்டணம் கிடையாது. பெரியவர்களின் முழங்கால் அளவுத் தண்ணீர்தான். அலை இல்லை, இழுப்பு இல்லை. ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் நம் குழுவில் இருக்கிறார். எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் குனிந்து புறங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பார். காலை எட்டு மணிக்குக் குளிர்ந்திருந்த அதே ஓடு பன்னிரண்டு மணிக்கு அவர் கையை வெடுக்கென்று எடுக்க வைத்தது. தண்ணீருக்குள் நிற்கும் பிள்ளைக்கு அது தெரியாது. மேலே ஏறி அம்மாவிடம் ஓடிவரும்போதுதான் பாதம் பொரிந்துபோகும். ஆகவே பட்டியலில் இந்த இடத்துக்கு நேரே "பத்து மணிக்குள் போய்த் திரும்புக, ரப்பர்ச் செருப்பு அவசியம்" என்று எழுதியிருக்கிறோம். சிறு பிள்ளைகள் உள்ளவர்கள் டிசம்பர் 26, ஜனவரி 1 ஆகிய இரு நாட்களையும் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. அன்றைய ஜனநெரிசலில் பிள்ளைகள் காணாமல் போவது வாடிக்கை. அதற்காகவே நகராட்சி பண்டிகைக் காலத்தில் பிள்ளைகளின் கையில் அடையாளப் பட்டை கட்டுகிறது. போய்த்தான் ஆக வேண்டும் என்பவர்கள் மணலில் கால் வைக்கும் முன்பே அந்தப் பட்டையை வாங்கிக் கட்டிவிடுங்கள்.

உஷாகா என்னும் கட்டணத் தண்ணீர்ப் பூங்கா 2004இல் திறந்தது. சறுக்கு, மிதவை ஓடை, சின்னப் பிள்ளைகளுக்கான தெளிப்பு என்று எல்லாம் உண்டு. பிள்ளைகளுக்கு அது சொர்க்கம், சந்தேகமில்லை. ஆனால் நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு டிக்கெட்டும் சாப்பாடும் சேர்ந்தால் மளிகைச் செலவில் கைவைக்க வேண்டியிருக்கும். அதைப் "பிறந்தநாள் இடம்" என்று வகைப்படுத்தினோம். கிளம்புமுன் திறந்திருக்கும் நாளையும் அன்றைய கட்டணத்தையும் கேட்டுக்கொள்வது நல்லது.

கடலோரப் பாறைகளுக்கிடையே ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றம், வந்து நிரப்பும் குளங்கள் நமக்குக் கிடைத்த செல்வம். தெற்கே இசிப்பிங்கோ, வடக்கே உம்ட்லோட்டி, இன்னும் மேலே பலிட்டோ அருகே தாம்சன்ஸ் பே ஆகிய இடங்களில் பார்த்தோம். ஓதம் வற்றும் நேரத்தில் போனால் குளம் அமைதியாக இருக்கும். ஏறும் நேரத்தில் அலை தடுப்பைத் தாண்டி விழும். சின்னப் பிள்ளையை வாரிச் சுருட்டிவிடும். இங்கேதான் நம் ஆயாக்களின் நாள்காட்டி கைகொடுத்தது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஓதம் பெரிதாக ஏறிப் பெரிதாக வற்றும். நம் கரையில் அந்த நாட்களில் காலை பத்து மணி வாக்கில் நீர் நன்றாக வற்றியிருக்கும். பிற்பகல் மூன்று நான்கு மணிக்குக் கரைமுட்ட ஏறிவிடும். அதன் பிறகு வற்றும் நேரம் நாளுக்கு ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியில் திதி பார்த்துவிட்டு எந்த ஞாயிறு போகலாம் என்று ஓர் ஆயா சொல்லிவிடுகிறார். ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. சோறு கட்டிக்கொண்டு ஏழரைக்குக் கிளம்பினால் போதும். பிற்பகலில் மட்டும் அந்த நாட்களில் பிள்ளைகளோடு அங்கே தங்காதீர்கள்.

பட்டியலில் இல்லாத ஓர் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் ப்ளூ லகூன் நம் குடும்பங்களுக்கு எவ்வளவு நெருக்கமான இடம் என்பது எனக்குத் தெரியும். பிரியாணிச் சட்டியோடு அங்கே போகாத குடும்பம் இந்த மண்டபத்தில் இருக்காது. அங்கே போய்ச் சாப்பிடலாம், காற்று வாங்கலாம், மீன் பிடிக்கலாம். ஆனால் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கும் இடமாக அதை எழுத எங்கள் மனம் ஒப்பவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் உடைந்தன. அதன் பின் நகரத்துக் கடற்கரைகள் கிருமி அளவு கூடியதால் திரும்பத் திரும்ப மூடப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு ஜூலையில் கோர்னுபியாவில் ரசாயனக் கிடங்கு எரிந்தபோது வடக்குக் கரைகளும் மூடப்பட்டன. எந்த அழுக்கும் முதலில் வந்து சேருவது ஆற்று வாயில்தான். பெருமழை பெய்த பின் ஓரிரு நாட்களுக்கு எந்த முகத்துவாரத்தின் அருகிலும் பிள்ளைகளை விடாதீர்கள். கடற்கரையில் தடைப் பலகை நட்டிருந்தால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள்.

சுகாதாரம் பற்றிச் செவிலியர் அம்மையார் நடத்திய உரைக்கு எதிர்பார்த்ததைவிட அதிகத் தாய்மார்கள் வந்தார்கள். தரையிலிருந்து நீர் பீய்ச்சி அடிக்கும் ஸ்பிளாஷ் பேடில், அதாவது தெளிப்புத் திடலில், தேங்கும் நீர் இல்லை என்பதால் ஆபத்தே இல்லை என்று பலரும் நினைக்கிறோம். மூழ்கும் ஆபத்து குறைவு என்பது உண்மை. ஆனால் பல இடங்களில் வழியும் நீர் நிலத்தடித் தொட்டிக்குப் போய், வடிகட்டிக் குளோரின் சேர்த்து, மறுபடியும் அதே குழாய்களில் மேலே வருகிறது. நீர் துளித்துளியாகச் சிதறுவதால் குளோரின் விரைவில் குறைந்துவிடும். வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமியோ முறையாகக் குளோரின் கலந்த நீரிலும் பல நாட்கள் உயிரோடு இருக்கும். 2005இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் செனகா ஏரிப் பூங்காவின் தெளிப்புத் திடலில் விளையாடிய ஆயிரக்கணக்கானோர் இந்தக் கிருமியால் நோயுற்றார்கள். அதன் பிறகுதான் புறஊதாக் கதிரால் நீரைச் சுத்திகரிப்பது குறித்து அங்கே கண்டிப்பான விதிகள் வந்தன. ஆகவே வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளை அது நின்ற மறுநாளே தண்ணீருக்குப் போகக்கூடாது. இந்தக் கிருமி என்று தெரிந்தால் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். நீச்சலுக்கான டயப்பர் மலத்தைத் தாங்குமே தவிரக் கிருமியைத் தடுக்காது. பீய்ச்சும் துளையில் வாய் வைத்துக் குடிக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால் குளம் சுத்தமாக இருக்கிறது என்று பொருளல்ல. குளோரினோடு வியர்வையும் சிறுநீரும் கலந்தால் எழும் நெடி அது.

இப்போது கோரிக்கைக்கு வருகிறேன். நம் பக்கத்தில், நடந்து போகும் தூரத்தில், கட்டணமில்லாத் தெளிப்புத் திடல் ஒன்றும் எங்கள் கண்ணில் படவில்லை. கேப் டவுன் நகராட்சி வல்ஹல்லா பார்க், கயலிட்ஷா போன்ற உழைப்பாளர் குடியிருப்புகளிலேயே இத்தகைய திடல்களை அமைத்திருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? நகரமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்குச் சங்கத்தின் சார்பில் மனு எழுதியிருக்கிறோம்.

அந்த மனுவில் ஒரு நிபந்தனையை நாமே வலியுறுத்திச் சேர்த்தோம். 2022 வெள்ளத்தில் டோங்காட் நீர்சுத்திகரிப்பு நிலையம் அழிந்ததும் அங்குள்ள நம் உறவினர்கள் பல மாதங்கள் வாளியோடு லாரிக்குக் காத்து நின்றார்கள். என் அத்தை வீட்டில் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்குக்கூட ஊற்றவில்லை, கழிப்பறைக்கு எடுத்து வைத்தார்கள். கேப் டவுனிலும் 2018 வறட்சியில் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு வந்தபோது தெளிப்புத் திடல்கள் மூடப்பட்டன. குடிநீரைப் பீய்ச்சிச் சாக்கடைக்கு அனுப்பும் திடல் நமக்கு வேண்டாம். நீரை மறுசுழற்சி செய்து, புறஊதாக் கதிரால் சுத்திகரித்து, பிள்ளை பொத்தானை அழுத்தினால் மட்டும் ஓடி, தானாக நிற்கும் திடல்தான் வேண்டும். அதற்குச் செலவு கூடும். பராமரிக்க ஆள் வேண்டும். கட்டித் திறந்துவிட்டு இரண்டாம் கோடையில் வறண்டு கிடக்கும் திடலைவிட, தாமதமாக வந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கும் திடல் மேல் என்பதில் செயற்குழு ஒருமனதாக இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு மூன்று உதவிகள் தேவை. அக்டோபர் இறுதிக்குள் பட்டியலைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், பீனிக்ஸ், வெருலம் பக்கத்து உறுப்பினர்கள் தங்கள் பகுதியைப் பார்த்துத் தர முன்வர வேண்டும். அந்தப் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. டிசம்பர் ஞாயிறுகளில் தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போக வண்டி உள்ளவர்கள் பெயர் கொடுங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர் கையில் அந்த நேரத்தில் தொலைபேசி இருக்கக்கூடாது. கணுக்கால் அளவுத் தண்ணீரிலும் ஒரு குழந்தை மூழ்கிவிட முடியும், சத்தமே வராது. மூன்றாவதாக, மனுவில் கையெழுத்திடாதவர்கள் வெளியே மேசையில் இருக்கும் தாளில் இன்றே கையெழுத்திட்டுப் போக வேண்டுகிறேன். முகவரியைத் தெளிவாக எழுதுங்கள், வட்டாரம் புரியாத கையெழுத்துகளை அலுவலகம் கணக்கில் எடுப்பதில்லை.

பட்டியலின் அச்சுப் பிரதி வாசலில் இருக்கிறது, குடும்பத்துக்கு ஒன்று. வண்டி ஓட்டியவர்களுக்கும், சோறு கட்டித் தந்த ஆயாக்களுக்கும், செவிலியர் அம்மையாருக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணிவுடன்,
செயலாளர்