ரசீது கேட்கக் கூச்சம் வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த வரி சேமிப்புக் கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் நன்கொடையைப் பற்றி அதில் ஒரே ஒரு வரிதான்: வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் வரிச் சலுகை உண்டு. அந்த அளவுக்கு மட்டும் தெரிந்துகொண்டு பணம் கொடுத்தவர் என் அப்பா. அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் நினைவு நாளில் ஆண்டுதோறும் ஒரு முதியோர் இல்லத்துக்கு அப்பா 15,000 ரூபாய் கொடுப்பார். கவரில் போட்டு, நேரில் போய், அவர் கையால் கொடுத்தால்தான் மனசு ஆறும். ரசீதும் வாங்கி வருவார். மஞ்சள் தாள், கீழே 80ஜி பதிவு எண், ஊதா மையில் முத்திரை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் சலுகை கிடையாது. "சரி, 2,000 வரைக்குமாவது கழிக்கலாமே" என்றார். அதுவும் முடியாது, மொத்தத் தொகையும் போய்விடும். முன்பு இந்த வரம்பு 10,000 ரூபாயாக இருந்தது, 2017 பட்ஜெட்டில் குறைத்துவிட்டார்கள். அப்பா பழைய கணக்கிலேயே இருந்திருக்கிறார்.

அடுத்த ஆண்டு வங்கி வழியாக அனுப்பினோம். அப்புறமும் ஒரு சிக்கல். இப்போது வெறும் ரசீது போதாது. யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற விவரத்தை அறக்கட்டளை 10பிடி படிவத்தில் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்து, நமக்கு 10பிஇ என்ற சான்றிதழைத் தர வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31க்குள் இரண்டும் நடக்க வேண்டும். எங்களுக்கு வந்த சான்றிதழில் அப்பாவின் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தது. மூன்று முறை போன் செய்து, அவர்கள் திருத்திய படிவத்தைத் தாக்கல் செய்து, புதுச் சான்றிதழ் கைக்கு வந்தபோது ஜூலை மாதக் கடைசி. இல்லத்தார் மேல் கோபம் இல்லை. கணக்கு, சமையல், மருந்து எல்லாவற்றையும் இரண்டு பேர்தான் பார்க்கிறார்கள்.

இன்னொன்றையும் விளக்கியாக வேண்டும். 15,000 கொடுத்தால் வரியில் 15,000 குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். தனியார் அறக்கட்டளைகள் பெரும்பாலானவற்றுக்குப் பாதித் தொகையைத்தான், அதாவது 7,500 ரூபாயைத்தான், வருமானத்திலிருந்து கழிக்க முடியும். 20 சதவீத வரி கட்டுபவருக்கு, அந்த வரியின் மேல் போடும் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 1,560 ரூபாய் மிச்சம். பிரதமரின் தேசிய நிவாரண நிதி, தமிழக முதலமைச்சரின் பொது நிவாரண நிதி போன்றவற்றுக்குக் கொடுத்தால் முழுத் தொகையையும் கழிக்கலாம். அரிசி மூட்டை, துணி, தையல் இயந்திரம் என்று பொருளாகக் கொடுத்தால் ஒன்றும் கிடையாது. சிகிச்சைக்காக ஒருவரின் கணக்கில் நேரடியாகப் பணம் போட்டாலும் அப்படித்தான். அதற்காக அவற்றை நிறுத்திவிடாதீர்கள், சலுகையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும், வரி விகிதம் குறைவாகவும் கழிவுகள் மிகச் சிலவாகவும் உள்ள புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி சலுகையே இல்லை. 2023-24 நிதியாண்டு முதல், பழைய முறையை நாமாகத் தேர்வு செய்யாவிட்டால் புதிய முறைதான். அது வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும், தாமதித்தால் அந்த வாய்ப்பும் போய்விடும். நன்கொடைக்கு மட்டுமாவது புதிய முறையிலும் இடம் தர வேண்டும் என்று அரசை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். மாதச் சம்பளத்தில் 500, 1,000 என்று எடுத்து வைப்பவர்களுக்கு அது ஒரு ஊக்கம்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது முதலில் முகம் சுளித்தார். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று வளர்ந்தவர். தர்மம் செய்துவிட்டு கணக்குக் கேட்பதா என்றார். வாதாடவில்லை. மிச்சமாகும் 1,560 ரூபாய் யாருக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இந்த ஆண்டு இல்லத்துக்கு 16,560 ரூபாய் அனுப்பியிருக்கிறார்.

நன்கொடை கொடுக்கும் வாசகர்கள், கொடுக்கும் அன்றைக்கே பான் எண்ணைத் தெளிவாக எழுதிக் கொடுங்கள். அறக்கட்டளையின் 80ஜி பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வருமான வரித் துறையின் இணையதளத்தில் ஒருமுறை பாருங்கள். ஜூன் முதல் வாரத்தில் 10பிஇ வரவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். நீங்களும் அடுத்த மார்ச் மாதத்துக்கு முன்பே இதைப் பற்றி ஒரு முழுக் கட்டுரை வெளியிட்டால் பலருக்கு உதவும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி