எலிக்காய்ச்சல் சுகமான பிறகு கண்ணையும் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெரும்போகம் தொடங்கினால் எலிக்காய்ச்சல் பற்றிய அறிவித்தல்கள் உங்கள் பத்திரிகையில் தவறாமல் வருகின்றன. வயலில் இறங்குமுன் டொக்சிசைக்ளின் குளிசை எடுங்கள், காயத்தை மூடுங்கள், காய்ச்சல் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எல்லாம் தேவையானவை. ஆனால் சுகமாகி வீடு திரும்பியவருக்கு அதன்பின் என்ன வரலாம் என்று எவரும் எழுதக் காணோம்.

தம்பலகாமத்தில் வயல் செய்யும் என் அத்தானுக்குச் சென்ற பெரும்போகத்தில் எலிக்காய்ச்சல் வந்து சுகமானது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த நேரம் வலக்கண் சிவந்தது. தூசி விழுந்திருக்கும் என்றார்கள், கண்நோய் என்றார்கள். பார்மசியில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டார். பீளை இல்லை, கண்ணீரும் உள்வலியும்தான். மத்தியான வெயிலில் தண்ணீர் கட்டிய வயலைப் பார்க்க முடியாமல், துவாயால் அந்தக் கண்ணைப் பொத்திக்கொண்டு வரம்பில் நடப்பார். பார்வை புகைமூட்டமான பிறகுதான் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கண்ணின் உட்பகுதியில் அழற்சி என்ற டொக்டர், அடுத்துக் கேட்டது, "கிட்டடியில் எலிக்காய்ச்சல் வந்ததா?"

எங்களுக்குத்தான் அது புதுக் கேள்வி. மதுரைப் பக்கம் 1993இல் பெருவெள்ளம் வந்து, அடுத்த ஆண்டு இதே கண் அழற்சியோடு நோயாளிகள் திரண்டபோது, அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் ஆராய்ந்து, எலிக்காய்ச்சலோடு தொடர்புடைய 73 பேரைப் பற்றி 1997இல் எழுதியிருக்கிறார்கள். காய்ச்சலுக்கும் கண்நோவுக்கும் இடையே வாரங்கள் போகலாம், மாதங்களும் போகலாம்.

எலி, மாடு, எருமை, நாய் ஆகியவற்றின் சிறுநீரோடு வெளிவரும் லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியாதான் இந்தக் காய்ச்சலைத் தருகிறது. அது கண்ணுக்குள் தங்கிவிடுவதுண்டு. அதோடு இன்னொன்றும் நடக்கக்கூடும். குதிரைகளுக்குத் திரும்பத் திரும்ப வரும் கண் அழற்சியை ஆராய்ந்தவர்கள், இந்தக் கிருமியின் சில புரதங்கள் கண்வில்லை, விழித்திரைப் புரதங்களை ஒத்திருப்பதைக் கண்டார்கள். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் சொந்தக் கண்ணிலும் போய் ஒட்டுகின்றன. மனிதரில் இந்தத் தன்னுடல் தாக்கம் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பது இன்னும் முடிவாகவில்லை. முடிவாகும்வரை எங்கள் வயற்காரரின் கண்கள் காத்திருக்க முடியாது.

நான் கேட்பது பெரிய செலவில்லை. எலிக்காய்ச்சல் நோயாளி வீடு போகும்போது கொடுக்கும் துண்டில், "வரும் மாதங்களில் கண் சிவந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் கண் கிளினிக்குக்கு வரவும், இந்தக் காய்ச்சலைச் சொல்லவும்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கொடுக்கட்டும். குளிசை கொடுக்க வரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் கமக்காரர் கூட்டங்களில் இதைச் சொல்லட்டும். மூதூர், கிண்ணியா, கந்தளாய் எங்கும் இதே சேற்றில்தான் இறங்குகிறோம்.

அத்தானுக்கு ஸ்டீரொயிட் சொட்டு மருந்தில் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது. அதைக் கேட்டு யாரும் தாமாக அந்த மருந்தை வாங்கி விடவேண்டாம்; கண் அழுத்தம் ஏறி வேறு கேடு வரும். விதைப்புக்கு முன் ஒரு கண் வைத்தியரிடம் கட்டுரை வாங்கி வெளியிடுவீர்களா?

வாசகர் ஒருவர்,
தம்பலகாமம், திருகோணமலை.